காட்ஸ்வோல்ட்: ஒரே கல்லில் எழுந்த வீடும் தோட்டமும்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியைப் படத்தில் பார்த்தவர்கள் பலருக்கும் ஒரு கேள்வி எழும். ஊருக்கு ஊர் வீடுகள் எப்படி ஒரே நிறத்தில், ஒரே சாயலில் இருக்கின்றன? யாராவது உத்தரவு போட்டுக் கட்டவைத்தார்களா? இன்றைக்கு விதிகள் இருப்பது உண்மைதான். 1966இல் இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட எழில் நிலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு புதிதாகக் கட்டுகிறவர்கள் எந்தக் கல், என்ன நிறம் என்பதுவரை யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த விதிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர்கள் இப்படித்தான் இருந்தன.

குளோஸ்டர்ஷயர், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் இரண்டிலும் பெரும்பகுதியும், பக்கத்து மாவட்டங்கள் சிலவற்றில் ஓரங்களுமாக 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது இந்த மேட்டுநிலம். இதன் அழகை இயற்கை தந்த வரம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. நிலத்தடியில் கிடந்த கல் ஒரு காரணம். ஊரை மாற்றிக் கட்டப் பணமில்லாமல் போன வறுமை இன்னொரு காரணம். 1890களிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், நகரத்தை விட்டு இங்கே வந்து கிராமத்துக் கைத்தொழிலிடம் பாடம் கேட்ட சிலரின் பிடிவாதம் மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் வீடு, தோட்டம், நாற்காலி, மேசை எல்லாம் இங்கே ஒரே குடும்பம்போலத் தெரிகின்றன.

முதலில் கல். இந்த மேட்டுநிலத்தின் அடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். வடக்கே சிப்பிங் கேம்டன் பக்கம் இரும்புச்சத்தினால் தேன் நிறத்தில் இருக்கும். நடுப்பகுதிக்குப் போகப்போக வெளிறி, பெயின்ஸ்விக் போன்ற ஊர்களில் சாம்பல் கலந்த வெள்ளையாகிவிடும். குழியிலிருந்து எடுத்த புதிதில் ஈரம் சுமந்து மென்மையாக இருப்பதால் செதுக்குவது எளிது. காற்றுப்பட்டு ஈரம் வற்றியதும் இறுகிப்போகும். கனமான கல்லை வண்டியில் தொலைவுக்கு இழுப்பது பெரிய செலவு என்பதால், அந்தந்த ஊர் தன் பக்கத்துக் குழியிலிருந்தே கல் எடுத்தது. வீட்டுச் சுவர், வயல் வரப்புச் சுவர், கோயில் கோபுரம், மாட்டுத்தொட்டி எல்லாமே அந்தக் கல்தான். நிறம் ஒன்றாக இருப்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சாயல் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் கூரை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த வீட்டின் வடிவம் முழுவதையும் தீர்மானித்தது கூரைதான். இங்கே கூரை ஓடுகூடக் கல்லால் ஆனது. மெல்லிய அடுக்குகளாகப் பிளக்கக்கூடிய சுண்ணாம்புக்கல்லைச் சின்னச் சின்னப் பலகைகளாக்கி, மேல்முனையில் துளையிட்டு, ஓக் முளையால் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். கைப்பட உடைத்த கல் சமமாக அமையாது, இடுக்கு இருக்கும். மழைநீர் நின்றால் உள்ளே இறங்கிவிடும். அதனால் கூரையை மிகவும் செங்குத்தாகச் சரித்தார்கள். குழியிலிருந்து பெரிய கல்லும் வரும், சிறியதும் வரும். எதையும் வீணாக்காமல் பெரியவற்றை இறவாரத்தில் வைத்து, மேலே போகப்போகச் சிறிதாக்கி, முகட்டில் கையகலக் கல்லோடு முடித்தார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த வரிசை, சிக்கனத்தில் பிறந்தது.

கூரை செங்குத்தானால் அதற்குள் நல்ல உயரமான இடம் கிடைக்கிறது. அதை அறையாக்கினால் வெளிச்சம் வேண்டும். அதற்காகத்தான் முன்சுவரையே மேலே இழுத்து முக்கோணமாக முடித்து, நடுவில் ஒரு சன்னல் வைத்தார்கள். காட்ஸ்வோல்ட் வீட்டின் முகம் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கூர்முகப்பு, கூரைக் கணக்கின் விளைவு. சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல்பட்டையும் அப்படித்தான்: சுவரில் வழியும் நீரைச் சன்னலில் விழாமல் ஒதுக்கித் தள்ளுவதே அதன் வேலை.

ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் ஓரத்தில் இருக்கும் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் கிராமத்தில் கல்லைப் பிளக்கும் வேலையை உறைபனியிடம் விட்டிருந்தார்கள். சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை ஈரம் காயாமல் மூடிவைத்து, குளிர்காலத்தில் வெளியே பரப்புவார்கள். உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரியும்போது கல் தானாக அடுக்கு அடுக்காகப் பிளக்கும். பனி இறங்கும் இரவில் கோயில் மணியடித்து ஊரை எழுப்புவார்கள் என்றும், எல்லோரும் ஓடிப்போய்க் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். அந்தச் சுரங்கங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டன.

சரி, கல்லும் கூரையும் இப்படி. ஆனால் இங்கிலாந்தில் எத்தனையோ இடங்களில் பழைய வீடுகளை இடித்துச் செங்கல்லில் கட்டினார்களே, இங்கே ஏன் நடக்கவில்லை? இடைக்காலத்தில் இது பணக்காரப் பகுதி. ஆட்டு ரோமத்தில் பணம் கொழித்தது. 1401இல் இறந்த சிப்பிங் கேம்டன் ஆட்டுரோம வணிகர் வில்லியம் கிரெவலின் வீடு இன்றும் அந்த ஊர்த் தெருவில் நிற்கிறது. அந்தக் காலத்து வணிகர்கள் கொடுத்த பணத்தில் எழுந்த பெரிய தேவாலயங்கள் சின்ன ஊர்களில்கூட உண்டு. பிறகு துணி நெசவு வந்தது. நீராவி இயந்திரங்கள் வந்ததும் தொழில் நிலக்கரி இருந்த யார்க்‌ஷயருக்கு நகர்ந்தது. ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கு ஆலைகள் மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தன. அப்புறம் 1870களில் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்க, விவசாயமும் படுத்தது. ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள், குடிசைகள் காலியாகக் கிடந்தன. இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் தெருக்கள், அப்போது ஓட்டைக் கூரையும் பசியுமாக இருந்தவை. இதை மறந்துவிட்டு இந்த அழகைப் பேசக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் நகரத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முன்னோடி, வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ். தேம்ஸ் ஆற்றின் கரையில் கெல்ம்ஸ்காட் என்ற சிற்றூரில் இருந்த பழைய பண்ணை மாளிகையை 1871இல் வாடகைக்கு எடுத்தார். அந்தத் தோட்டத்தில் பழத்தைக் கொத்திப்போன த்ரஷ் பறவைகளைத்தான் 1883இல் ‘ஸ்ட்ராபெரி திருடன்’ என்ற பெயரில் துணி வடிவமாக்கினார். துணி முழுவதையும் அவுரிச் சாயத்தில் முக்கி, பிறகு வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து, மற்ற நிறங்களை ஏற்றும் பழைய முறை அது. வேலை மெதுவாக நடக்கும், செலவும் அதிகம். தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய வேலைப்பாட்டைச் சுரண்டி எடுப்பதைப் பார்த்துக் கொதித்துப்போய், 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். பழையதை ‘அழகாக்க’ வேண்டாம், பழுது பார்த்தால் போதும் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. காட்ஸ்வோல்ட் வீடுகள் முகம் மாறாமல் தப்பியதில் இந்தக் கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

மோரிஸின் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் மூன்று பேர் ஒரு படி மேலே போனார்கள். எர்னஸ்ட் கிம்சன், எர்னஸ்ட் பார்ன்ஸ்லி, சிட்னி பார்ன்ஸ்லி மூவரும் கட்டடக் கலைஞர்கள். 1893இல் லண்டனை விட்டு சைரன்செஸ்டர் பக்கம் வந்து, பின்பு சாப்பர்டன் கிராமத்தில் நிலைத்தார்கள். மோரிஸ் பண்ணை மாளிகையை ஓய்வுக்கு வைத்துக்கொண்டார். இவர்களோ குடியேறி, உள்ளூர் ஆட்களோடு வேலை செய்தார்கள். கிம்சன் அதற்கு முன்பே ஹெர்ஃபர்ட்ஷயரில் பிலிப் கிளிசெட் என்ற முதிய கிராமத்து நாற்காலிக்காரரிடம் போய்ச் சில வாரம் உட்கார்ந்து, மரம் கடைவதையும் கோரை இருக்கை பின்னுவதையும் கற்றவர். கட்டடக் கலை படித்த ஒருவர் கிராமத்துத் தொழிலாளியிடம் மாணவராக உட்கார்வது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை.

இவர்கள் செய்த மரச்சாமான்களைக் கவனித்துப் பார்த்தால் கிராமத்துத் தொழில் எங்கே புகுந்திருக்கிறது என்று தெரியும். பெரிய உணவு மேசைகளுக்கு அடியில் கால்களை இணைக்கும் கட்டை இரு முனையிலும் கவையாகப் பிரிந்து போகும். வைக்கோல் வாரியின் கைப்பிடி தலைக்கட்டையோடு சேரும் விதம் அது. வாரியில் அந்தக் கவை பலத்துக்காக இருந்தது, மேசையிலும் பலத்துக்காகவே இருக்கிறது. பண்ணை வண்டி செய்யும் தச்சர், எடையைக் குறைப்பதற்காகச் சட்டத்தின் விளிம்புகளைச் சரித்துச் சீவுவார், மூட்டு வரும் இடத்தில் மட்டும் முழுக் கனத்தையும் விட்டுவைப்பார். இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்து அலமாரிக்கும் மேசைக்கும் கொண்டுவந்தார்கள். கழுந்தும் புறாவால் மூட்டும் வெளியே தெரியும்படி விடப்பட்டன. அதுவரை நல்ல மரச்சாமான் என்றால் மூட்டு கண்ணில் படக் கூடாது. இவர்கள் அதையே அலங்காரமாக்கினார்கள். சிட்னி பார்ன்ஸ்லி கடைசிவரை பெரும்பாலும் தனியாகவே, தன் கையாலேயே வேலை செய்தவர். கிம்சன் டேன்வே மாளிகையில் பட்டறை வைத்து, பீட்டர் வால்ஸ் என்ற டச்சுத் தச்சரைத் தலைமைக்கு வைத்தார். உள்ளூர்க் கொல்லர் ஆல்ஃபிரட் பக்னல் அவருக்காகக் கதவுக் கைப்பிடியும் கணப்புச் சாமான்களும் அடித்துக் கொடுத்தார்.

இந்த எண்ணம் முழு உருவம் பெற்றது ராட்மார்ட்டன் மாளிகையில். பிடல்ஃப் குடும்பத்துக்காக எர்னஸ்ட் பார்ன்ஸ்லி 1909இல் தொடங்கிய வீடு இது. கட்டி முடிய இருபது ஆண்டுகள் ஆயின. கல் அந்தப் பண்ணையிலேயே எடுத்தது, மரம் அங்கேயே வெட்டியது. மரத்தைப் பள்ளத்தின் மேல் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று கையால் அறுத்தார்கள். பக்கத்தில் இயந்திர ரம்பங்கள் இருந்த காலம் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேகமாக முடிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. ஊர் ஆட்களுக்கு வேலை கிடைக்க வேண்டும், அவர்கள் கையில் தொழில் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். வீட்டுக்குள்ளேயே ஊராருக்குத் தையல், மரவேலை வகுப்புகள் நடந்தன. பார்ன்ஸ்லி சகோதரர்கள் இருவரும் 1926இல் இறந்துபோக, நார்மன் ஜூசன் என்ற கட்டடக் கலைஞர் மீதி வேலையை முடித்தார். இந்தப் பகுதியில் ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ராட்மார்ட்டனில் தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்வது கடினம். வீட்டை வடிவமைத்தவரே தோட்டத்தையும் வகுத்தார். சுவரை ஒட்டிய பகுதி கல்தளமும் வெட்டி வடிவமைத்த யூ மரங்களுமாக ஓர் அறைபோலவே இருக்கிறது. பழைய மாட்டுத்தொட்டிகளில் சிறு செடிகள் வளர்கின்றன. வீட்டைவிட்டு விலக விலக ஒழுங்கு தளர்ந்து, நீண்ட பூப்பாத்திகள், காய்கறித் தோட்டம், பழமரங்கள் என்று போய் வயலோடு கலந்துவிடுகிறது. இங்கே மண்ணில் சுண்ணாம்பு அதிகம். யூ மரத்துக்கு அது நன்றாகவே ஒத்துப்போகும். சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர்கள் காற்றைத் தடுத்து, வெயிலை வாங்கிவைத்துச் செடிக்குக் கொடுக்கின்றன.

காற்று இங்கே முக்கியமான விஷயம். ஹிட்கோட் தோட்டத்தைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. பாரிஸில் பிறந்த அமெரிக்கர் லாரன்ஸ் ஜான்ஸ்டன். அவருடைய தாய் 1907இல் ஹிட்கோட் பண்ணையை வாங்கினார். மேட்டின் விளிம்பில், நாலாபக்கமும் காற்று அடிக்கும் இடம். ஜான்ஸ்டன் யூ, பீச், ஹார்ன்பீம், ஹாலி செடிகளால் உயரமான பச்சைச் சுவர்கள் எழுப்பி நிலத்தை அறை அறையாகப் பிரித்தார். ஓர் அறையில் சிவப்புப் பூக்கள் மட்டும், இன்னொன்றில் வட்டக் குளம் மட்டும். நெருக்கமான அறைகளைத் தாண்டி வந்தால் திடீரென்று பூவே இல்லாத நீண்ட புல்வெளிப் பாதை, அதன் முடிவில் வெறும் வானம். அடைத்து அடைத்து வைத்துவிட்டுத் திறந்துவிடுவது எப்படி என்று இந்த ஒரு பாதையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். 1948இல், பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, வீட்டுக்காக இல்லாமல் தோட்டத்துக்காகவே ஏற்றுக்கொண்ட முதல் இடம் ஹிட்கோட்.

ஹிட்கோட் ‘உள்ளூர்’ தோட்டம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. சுவரும் வேலியும் இந்த ஊருடையவை. செடிகளோ உலகம் முழுவதிலிருந்தும் வந்தவை. ஜான்ஸ்டன் தென்னாப்பிரிக்காவுக்கும் சீனத்தின் யுன்னானுக்கும் செடி தேடிப் போனவர். இந்த மண்ணில் வாழாத செடிகளுக்காக வேறு மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினார். எதிரே இருக்கும் கிஃப்ட்ஸ்கேட் தோட்டத்தை ஹெதர் மியூர் தொடங்கி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்திருக்கிறார்கள். அங்கே மரத்தின் மேலேறிப் படர்ந்திருக்கும் ‘கிஃப்ட்ஸ்கேட்’ ரோஜாவின் மூதாதையரும் சீனத்தைச் சேர்ந்தவர்களே.

பணமும் அப்படித்தான் வெளியிலிருந்து வந்தது. ஸ்னோஷில் மாளிகையை 1919இல் வாங்கிச் சீரமைத்து, கைவினைப் பொருள்களால் நிரப்பிய சார்லஸ் வேடின் குடும்பச் சொத்து, கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. மோர்ட்டன்-இன்-மார்ஷ் அருகில் இருக்கும் செசின்கோட் இன்னும் வெளிப்படையானது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெலுக்காக அவர் அண்ணன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய பாணியில் கட்டிய மாளிகை அது. மேலே செம்புக் குவிமாடம், தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு கோயில், பாலத்தின் மேல் நந்திகள். அந்தத் தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் இந்தியக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற தாமஸ் டேனியல். இந்திய வடிவத்தில் காட்ஸ்வோல்ட் கல் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்பது வியப்புதான். அந்த வீட்டுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வியப்பு லேசாக இருக்காது.

பணம் இல்லாமல் கைவினை என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் 1888இல் லண்டனின் ஏழைப் பகுதியான வைட்சேப்பலில் கைவினைஞர் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார். வெள்ளி வேலை, மரவேலை, அச்சு, நகை எல்லாம் அதில் உண்டு. 1902இல் அதை அப்படியே பெயர்த்து, குடும்பங்களோடு சுமார் 150 பேரைச் சிப்பிங் கேம்டனுக்குக் கூட்டிவந்தார். ஊரில் மூடிக்கிடந்த பட்டு ஆலை பட்டறையானது. ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி திறந்தார்கள். ஆறே ஆண்டில், 1908இல், கணக்கை முடிக்க வேண்டியதாயிற்று. லண்டன் பெருங்கடைகள் இதே பாணியை இயந்திரத்தில் செய்து மலிவாக விற்றன. செய்த பொருளை நகரத்துக்கு அனுப்பும் செலவு வேறு. லண்டனில் வேலை குறைந்தால் தொழிலாளி தற்காலிகமாக வேறு பட்டறைக்குப் போகலாம். கிராமத்தில் போக இடம் இல்லை.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவருக்கும் இடம் உண்டு. இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, சிப்பிங் கேம்டனை அடுத்த பிராட் கேம்டனில் பாழடைந்து கிடந்த, இடைக்கால நார்மன் மன்னர்கள் காலத்துச் சிறு தேவாலயத்தை ஆஷ்பியைக் கொண்டு வீடாக்கி, 1907இல் குடியேறினார். இலங்கையில் கனிமவியல் அதிகாரியாக இருந்தபோது கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் தொழில் கண்முன்னே அழிவதைப் பார்த்துத் திரும்பியவர் அவர். அந்தத் தொழில்முறைகளைப் பதிவுசெய்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை, இங்கேயே தன் மேற்பார்வையில் 1908இல் அச்சிட்டு முடித்தார். மோரிஸின் அச்சகத்திலிருந்து ஆஷ்பி வாங்கிவந்த அச்சுப்பொறியில்தான் அந்த வேலை நடந்தது. அவருடைய மனைவி எத்தெல் பின்னாளில் இங்கிலாந்தின் முன்னணி நெசவாளராகவும் தாவரச் சாயத்தில் தேர்ந்தவராகவும் ஆனார். ஆஷ்பியின் கூட்டமைப்பு முறிந்ததும் அந்த நூல் வெளிவந்ததும் ஒரே ஆண்டு. இயந்திரச் சரக்கின் முன்னால் கைத்தொழில் தோற்பதை, கண்டியிலும் கேம்டனிலும் பக்கத்தில் நின்று பார்த்தவர் குமாரசுவாமி. காட்ஸ்வோல்டைப் பற்றிய அறிமுகங்களில் அவர் பெயர் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தோல்விக்குப் பிறகும் எல்லோரும் லண்டன் திரும்பிவிடவில்லை. வெள்ளிவேலை செய்த ஜார்ஜ் ஹார்ட் தங்கினார். அவர் வழிவந்தவர்கள் இன்றும் அதே பட்டு ஆலை மாடியில் வெள்ளி தட்டுகிறார்கள். பக்கத்து ஊரான பிராட்வேயில், தன் தந்தை நடத்திய பழைய விடுதிக்கு மரச்சாமான் பழுதுபார்க்கத் தொடங்கிய கோர்டன் ரஸ்ஸல், கிம்சனின் வழியில் தொடங்கி 1920களின் பிற்பகுதியில் இயந்திரத்தையும் பட்டறைக்குள் விட்டார். நல்ல மூட்டு, நல்ல மரம், தேவையில்லாத அலங்காரம் வேண்டாம் என்ற அதே பாடத்தை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரசு பங்கீட்டில் வழங்கிய சிக்கன மரச்சாமான்களின் வடிவமைப்புக்குள் அவர் கொண்டுபோனார். கிம்சனின் மேசையைச் செல்வந்தர்தான் வாங்க முடிந்தது. அந்தப் பாடம் சாதாரண வீட்டின் சமையலறைவரை போய்ச் சேர்ந்தது ரஸ்ஸல் வழியாகத்தான். என் பார்வையில் இந்தப் பகுதியின் கைவினை இயக்கம் செய்த மிகப் பெரிய காரியம் இதுவே.

இன்று காட்ஸ்வோல்ட் ஏழைப் பகுதி அல்ல. காலியாகக் கிடந்த குடிசைகள் லண்டன்காரர்களின் வார இறுதி வீடுகளாகிவிட்டன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனாருக்கும் கூரைக்காரருக்கும் அதே ஊரில் வீடு வாங்கக் கட்டுபடியாகாது. கல்லோட்டுக்குத் தட்டுப்பாடு வந்து, ஒரு கூரையைச் சரிசெய்ய இன்னொரு பழைய கொட்டகையின் ஓடுகளை இறக்கும் நிலை வந்தது. சிறிய கல்குழிகள் சில மீண்டும் வேலை செய்கின்றன. ஆனால் எழில் நிலத்தில் குழி தோண்டவா என்று எதிர்ப்பும் எழுகிறது. அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊர்கள் ஊருக்கு ஒரு குழி வைத்திருந்தவை. அளவோடு தோண்டிக் கல் எடுக்கவும், அதைப் பிளக்கக் கற்றுக்கொண்ட இளைஞருக்கு ஊருக்குள் குடியிருக்க இடம் கொடுக்கவும் செய்யாமல், சுவரின் நிறத்தை மட்டும் விதி போட்டுக் காப்பது நீண்ட நாள் நடக்கிற காரியம் இல்லை.